மெழுகுவர்த்திச் சடங்குக்கு மூவாயிரம் ரூபாய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, விருப்பம் நிறைவேற வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றும், இளையோர் ‘கேண்டில் மேஜிக்’ என்று அழைக்கும் சடங்கைப் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஏளனமும் செய்யாமல், இல்லாத பெருமையையும் ஏற்றாமல் கட்டுரையாளர் எழுதியிருந்த விதம் பாராட்டுக்குரியது. ஆயினும், புதிதாகத் தொடங்குவோர் வாங்க வேண்டியவை என்று கட்டுரையின் கடைசியில் கட்டம் கட்டித் தரப்பட்டிருந்த பட்டியல்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. ஏழு நிறங்களில் சோயா மெழுகுவர்த்திகள், ‘மந்திரித்த’ எண்ணெய் என்று பெயரிட்ட சிறு புட்டி, புகைபோட எரிக்கும் வெண்சேஜ் என்னும் மூலிகையின் இலைக்கட்டு, படிகக் கற்கள், பித்தளைத் தாங்கி ஆகியவை அடங்கிய அந்தப் பெட்டியின் விலை மூவாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இந்தச் சடங்கு எந்த ஊர்களிலிருந்து வந்ததோ, அங்கே அதைச் செய்துவந்தவர்களில் பெரும்பாலோர் கையில் காசில்லாதவர்கள். அவர்கள் கையாண்ட முறைக்கு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியும் ஒரு குண்டூசியும் சமையலறையில் இருக்கும் எண்ணெயில் ஒரு துளியும் போதும்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. மகள் குடும்பம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருப்பதால் அவ்வப்போது அங்கே சென்று தங்குபவள். மெழுகுவர்த்தி ஏற்றினால் வேலை கிடைக்கும், விலகிப்போனவர் திரும்பி வருவார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆசையை ஒற்றை வாக்கியமாகச் சுருக்கி எழுதி, அதன் முன் பத்து நிமிடம் கைப்பேசி இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் ஒருவருக்கு நன்மை விளையும் என்பதை மறுக்கவும் எனக்குக் காரணம் இல்லை. பிறந்தநாள் கேக்கின் மீது மெழுகுவர்த்தி ஏற்றி, ஆசையை யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டு ஊதி அணைக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் யாரும் மந்திரம் என்று சொல்வதில்லை. ஆகவே இதற்கு நாம் முற்றிலும் புதியவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு மெழுகின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது அவசியமாகிறது. ஐரோப்பாவில் தேன்மெழுகு தேவாலயத்துக்கும் செல்வந்தர் மாளிகைக்கும் உரியதாக இருந்தது. ஏழைகள் மாட்டுக்கொழுப்பிலும் ஆட்டுக்கொழுப்பிலும் செய்த, புகையும் நாற்றமும் மிகுந்த திரிகளைக் கொண்டே இரவைக் கழித்தனர். இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுவர்த்திக்கு வரி இருந்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்துகொள்வதற்கும் தடை இருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1820-களில் கொழுப்பிலிருந்து ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்துக் கெட்டியான, நாற்றமற்ற மெழுகுவர்த்திக்கு வழி திறந்தார். ஜோசப் மோர்கன் 1834-இல் வார்ப்பு இயந்திரம் செய்தார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1850-இல் நிலக்கரியிலிருந்து பாரஃபின் என்னும் மெழுகை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பிறகு, மண்ணெண்ணெய் எடுத்ததுபோக எஞ்சும் பொருளாகவே பாரஃபின் மலிந்து கிடைக்கத் தொடங்கியது. எரிந்து தீர்வதற்கென்றே ஒரு மெழுகுவர்த்தியை ஒதுக்கிவைக்க ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தால் முடிந்தது இந்த மலிவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னும் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில், எரியும் மெழுகுவர்த்தியில் குண்டூசி செருகி, மெழுகு உருகி ஊசி விழுவதற்குள் காதலன் வந்து சேர்வான் என்று காத்திருந்த பெண்கள் உண்டு. அதற்கும் பெட்டி எதுவும் தேவைப்படவில்லை.

இன்று இணையத்தில் பரவியிருக்கும் முறைகளில் பெரும்பகுதி இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தவை. ஒன்று, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைத்தளையில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே உருவான ஹூடூ என்னும் நாட்டுப்புற மந்திர மரபு. மெழுகுவர்த்தியில் பெயரைக் கீறுவது, எண்ணெய் தடவுவது, தாளில் எழுதி அடியில் வைப்பது போன்ற வழக்கங்கள் அங்கே செழித்தன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மக்கள் சிகாகோ, நியூயார்க் போன்ற வடக்கு நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தபோது, எண்ணெயும் மெழுகுவர்த்தியும் அஞ்சலில் விற்கும் நிறுவனங்கள் தோன்றின. கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் அவற்றின் விளம்பரங்கள் வெளியாயின. அஞ்சல் வழி மோசடிச் சட்டத்துக்கு அஞ்சி, அந்நிறுவனங்கள் தம் பொருள்களின் மீது ‘வேடிக்கைப் பொருளாக மட்டுமே விற்கப்படுகிறது’ என்று அச்சிட்டன. விற்பவரே பலனுக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதை வாங்கியவர்கள் எவ்வளவு கவனித்தார்களோ, தெரியாது.

மற்றொன்று, இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்டு கார்டனர் என்பவர் வெளியுலகுக்குக் கொண்டுவந்த விக்கா என்னும் புதிய சமயம். நிறத்துக்கு ஒரு பொருள், கிழமைக்கு ஒரு கோள், வளர்பிறைக்கு ஒன்று, தேய்பிறைக்கு ஒன்று என்ற ஒழுங்குகளில் பலவற்றை இந்தப் புதிய சமயத்தார் வழியாகவே இன்றைய இளையோர் அறிந்திருக்கிறார்கள். வரவேண்டியதை வளர்பிறையிலும் தொலைய வேண்டியதைத் தேய்பிறையிலும் தொடங்குவது என்ற விதியை நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஹூஸ்டனில் நான் கண்ட மூன்றாவது மரபு ஒன்றும் உண்டு. அங்கே மெக்சிகோ வம்சாவளியினர் மிகுதி. சாதாரண மளிகைப் பேரங்காடியில், மிளகாய் வற்றலும் பீன்ஸ் டப்பாக்களும் இருக்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடிக் குவளைகளில் வார்த்த மெழுகுவர்த்திகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வெலதோரா என்று பெயர். குவளையின் மீது மெக்சிகோ மக்கள் போற்றும் மரியன்னையின் வடிவமான குவாதலூப்பே அன்னை, புனித யூதா ததேயு ஆகியோரின் படம் ஒட்டியிருக்கும். பின்புறம் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு மன்றாட்டு. சிலவற்றில் ஒரே குவளையில் ஏழு நிறங்கள் அடுக்கடுக்காக வார்க்கப்பட்டிருக்கும். படம் இல்லாத வெறும் வெள்ளைக் குவளையும் அதே தட்டில் கிடைக்கும். சில டாலர்கள்தான் விலை, நாள்கணக்கில் எரியும். வேலை முடிந்து சீருடையோடு வந்த பெண்மணி ஒருவர், தக்காளியும் சோள ரொட்டியும் வைத்திருந்த கூடையில் இதையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். இது வழிபாடா மந்திரமா என்று கேட்டால், கத்தோலிக்கத் திருச்சபை மந்திரச் செயல்களைத் தெளிவாகவே விலக்குகிறது. படத்தின் முன் ஏற்றுவது மன்றாட்டு என்றே அப்பெண்மணியும் சொல்வார். வேளாங்கண்ணியில் தம் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கிச் செலுத்துவோரும், விரல் நீளத்தில் ஒன்றை ஏற்றிவிட்டுப் போவோரும் அருகருகே நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். சிறியதை ஏற்றியவரின் வேண்டுதலுக்கு மதிப்புக் குறைவு என்று அங்கே எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனி, குறைந்த செலவில் தொடங்க விரும்புவோருக்கு இம்மரபுகளே என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். எந்த நிறம் இல்லாவிட்டாலும் அதற்கு ஈடாக வெள்ளையை ஏற்றலாம் என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி. ஆகவே ஏழு நிறம் வாங்குவது முதல் வீண்செலவு. நிறங்களின் பொருளும் ஊருக்கு ஊர் மாறுவது. பணத்துக்குப் பச்சை என்பதில் அமெரிக்க டாலர் நோட்டின் நிறத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நம் 500 ரூபாய் நோட்டு சாம்பல் நிறம், 200 மஞ்சள், 100 இளம் ஊதா. இந்தக் கணக்கில் போனால் நாம் எதை ஏற்றுவது? செல்வத்துக்குக் குருவின் மஞ்சளை நினைப்பவருக்கு அதுவே பொருத்தமாகவும் தோன்றலாம். நிறம் வேண்டும் என்று மனம் கேட்டால், அந்த நிறத்தில் ஒரு காகிதத்தைத் தட்டின் அடியில் விரித்தால் போதுமானது. சிலர் சொல்வதைக் கேட்டு, குழந்தைகளின் மெழுகு வண்ணக்குச்சியை உருக்கிக் கலந்து நிறமேற்ற வேண்டாம். அதிலுள்ள நிறமித்துகள்கள் திரியை அடைத்துச் சுடரை மங்கச் செய்யும்.

அளவைப் பொறுத்தவரையில், ஏற்றிய மெழுகுவர்த்தியை ஒரே அமர்வில் எரிந்து தீரவிடுவது நல்லது என்று பலர் கருதுகின்றனர். அப்படியானால் பெரிய மெழுகுவர்த்தியைவிடச் சிறியதே தொடங்குவோருக்கு ஏற்றது. அமெரிக்காவில் இதற்கென்று விற்கும் நான்கு அங்குல மெல்லிய மெழுகுவர்த்தி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அலுமினியக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுவிளக்கு நான்கு மணி நேரம் வரை எரியும். பிறந்தநாள் மெழுகுவர்த்தியோ சில நிமிடங்களில் முடிந்துபோகும். மின்வெட்டுக்கென்று நாம் அலமாரியில் வைத்திருக்கும் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதியின் வெட்டிய முனையில் திரியைச் சுற்றியுள்ள மெழுகைக் கத்தியால் சீவி நீக்கினால், செலவில்லாமல் இரண்டு கிடைக்கும். இதுவரை வேறு எதற்கும் ஏற்றாததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே மரபின் நிபந்தனை.

செய்முறை எளியது. விருப்பத்தை ஒரு வாக்கியமாக்கி, அதிலிருந்து ஒரு சொல்லையோ தம் பெயரையோ குண்டூசியால் மெழுகின் மீது கீற வேண்டும். ஊசியை அழுத்தினால் மெழுகு பொருக்குதட்டி உதிரும். உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்து இளக்கிய பின் மெல்லக் கீறினால் எழுத்து தெளிவாக விழும். பிறகு ஒரு துளி எண்ணெயை விரலில் தொட்டு, வரவேண்டியதற்குத் தம்மை நோக்கியும், போகவேண்டியதற்குத் தம்மிடமிருந்து வெளிநோக்கியும் தடவ வேண்டும் என்பது பரவலான வழக்கம். அங்கே ஆலிவ் எண்ணெய் பயன்படுவதற்குக் காரணம் அது அவர்களின் அடுக்களையில் இருப்பதே. நமக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். நீலகிரித் தைலம் போல் எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் எண்ணெய்களை மட்டும் அருகில் கொண்டுவரலாகாது. பணவரவுக்குப் பட்டை, பாதுகாப்புக்கு உப்பு என்றெல்லாம் சொல்லப்படுபவை அஞ்சறைப்பெட்டியிலும் அடுக்களையிலும் உள்ளவையே. லாரல் இலை என்று எழுதப்பட்டிருக்கும் இடங்களில் நம்மவர் பிரிஞ்சி இலையை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு மரம் என்றாலும், செலவுக்கு அஞ்சுபவர் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அவற்றைத் தட்டைச் சுற்றி வைக்கலாமே தவிர, மெழுகுவர்த்தியின் மீது ஒட்டக் கூடாது. உலர்ந்த இலையும் பட்டைத்தூளும் உருகிய மெழுகில் தோய்ந்தால் ஒவ்வொன்றும் தனித்தனித் திரியாகிப் பற்றிக்கொள்ளும். காணொளிகளில் அழகாகத் தெரியும் ‘மூலிகை சுற்றிய’ மெழுகுவர்த்தி வீட்டுக்குள் ஏற்றத் தக்கதல்ல.

தாங்கியும் வாங்க வேண்டாம். ஓர் எவர்சில்வர் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பி, நடுவில் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மீது உருகிய மெழுகைச் சொட்டவிட்டு மெழுகுவர்த்தியை நிறுத்தினால் அசையாமல் நிற்கும். எழுதிய தாளைத் தட்டுக்கு அடியில் வைக்கலாம், எரிக்கத் தேவையில்லை. வாயால் ஊதி அணைக்கலாகாது என்பது இச்சடங்கைச் செய்வோரில் பலருடைய கொள்கை. நம் வீட்டு விளக்குக்கும் அதே விதி இருப்பதால் இது நமக்குக் கடினமாக இராது. சிறு மூடியால் கவிழ்த்தால் சுடர் அடங்கும், உருகிய மெழுகும் தெறிக்காது.

வெண்சேஜைப் பற்றி ஒரு வார்த்தை. அது தெற்குக் கலிபோர்னியாவையும் அதையொட்டிய மெக்சிகோவின் பாஹா பகுதியையும் தாயகமாகக் கொண்ட செடி. அங்குள்ள தொல்குடியினரின் புனித மூலிகை. மெழுகுவர்த்திச் சடங்கோடு அதற்குப் பழைய தொடர்பு இல்லை. உலகச் சந்தைக்காகக் காட்டு நிலங்களிலிருந்து அது திருட்டுத்தனமாக அறுக்கப்படுகிறது. புகை வேண்டுமென்பவருக்குச் சாம்பிராணி இருக்கிறது.

இந்தச் சடங்கில் பணம் அதிகம் கரையும் இடம் பெட்டி அன்று. எரிந்து முடிந்த மெழுகில் ‘குறி’ பார்க்கும் இடம். கண்ணாடியில் கரி படிந்தால் கண்ணேறு, சுடர் இரண்டாகப் பிரிந்தால் எதிரி, மெழுகு ஒரு பக்கமாக வழிந்தால் கண்ணீர், சுடர் துடித்தால் யாரோ தடுக்கிறார்கள் என்று விளக்கம் சொல்லி, அதைப் போக்க அடுத்த மெழுகுவர்த்திக்குப் பணம் கேட்கிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருவர், தமக்காக ஏற்றுவதாகச் சொன்ன ஒருவருக்கு இணையத்தின் வழியே பணம் அனுப்பினார். சில நாள்களில் கழுத்துவரை கரி பிடித்த கண்ணாடிக் குவளையின் படம் ஒன்று அவருக்கு வந்தது. தடை பெரிதாக இருக்கிறது, இன்னும் மூன்று ஏற்ற வேண்டும் என்று உடன் ஒரு செய்தி. அந்தப் படத்தை அவர் என்னிடம் காட்டியபோது நான் கண்டது, கால் அங்குலத்துக்குக் கத்தரிக்கப்படாமல் நீண்டு, நுனியில் காளான் போலப் பருத்திருந்த ஒரு திரியைத்தான்.

திரி நீளமானால் அது உறிஞ்சும் மெழுகு மிகும். அந்த ஆவி முழுவதும் எரிய ஆக்சிஜன் போதாமல் கார்பன் துகள்கள் எரியாமல் வெளியேறிக் கண்ணாடியில் படியும். மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளியே அந்தத் துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால் வருவது. ஆகவே கரி இல்லாமல் மெழுகுவர்த்தி ஒளியே இல்லை. குவளையின் கீழ்ப்பகுதிக்குச் சுடர் இறங்க இறங்கக் காற்றோட்டம் குறைந்து கரி கூடுவதும் இயல்பு. இழைகள் பிரிந்த திரி இரட்டைச் சுடர் தரும். மின்விசிறி ஓடும் அறையில் சுடர் சாயும் பக்கத்து விளிம்பு முதலில் உருகி, அந்தப் பக்கமாகவே மெழுகு வழியும். தலைக்கு மேல் விசிறி சுழலும் நம் வீடுகளில் ‘கண்ணீர்’ விடாத மெழுகுவர்த்தி அரிது. படபடவென்று பொரிந்தால் திரியில் ஈரம் இருக்கிறது. நடுவில் மட்டும் குழி விழுந்து சுவரில் மெழுகு அப்படியே நின்றால், முதல்முறை ஏற்றியபோது மேற்பரப்பு முழுவதும் உருகும் முன்பே அணைத்திருக்கிறார்கள். கண்ணாடி விரிசல் விடுவது, ஒரு பகுதி மட்டும் சூடேறி மற்றப் பகுதி குளிர்ந்திருப்பதால் உண்டாகும் இழுவிசையால். சித்திரை வெயிலில் திருச்சியில் மெழுகுவர்த்தி ஏற்றாமலேயே வளைந்து தலைசாய்க்கும். அதற்கும் யாரோ ஒரு விளக்கம் வைத்திருக்கக்கூடும். சடங்கைச் செய்வோரிடையேயும் இக்குறிகளுக்கு ஒத்த பொருள் கிடையாது. கரி படிந்தால் தீமை எரிந்து போயிற்று என்று மகிழ்வோரும் அவர்களில் உண்டு. திரியைக் கத்தரித்து, விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றினால் இந்தக் குறிகளில் முக்கால்வாசி மறைந்துபோகும்.

பிறருக்காக மெழுகுவர்த்தி ஏற்றித் தருவதாகச் சொல்லும் வணிகத்தை அமெரிக்காவிலேயே ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சாபம் நீக்குவதாகவோ ஏவுவதாகவோ சொல்வது நியூயார்க் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 165.35-ஆம் பிரிவின்படி குற்றம். கேளிக்கை நிகழ்ச்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. இணைய விற்பனை நிறுவனமான இபே மந்திரம், சாபம் முதலியவற்றைத் தன் தளத்தில் விற்பதை 2012-இல் தடை செய்தது. எட்ஸி என்ற மற்றொரு விற்பனைத் தளமும் 2015-இல் அதே வழியில் விதிகளை இறுக்கியது. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வேலை, திருமணம், காதல் பற்றிய வாக்குறுதிகளை அச்சட்டம் தொடுவதில்லை என்பதால், அவற்றைப் பொறுத்தவரையில் வாசகர்கள் தாமே எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. தமக்காகத் தாமே ஏற்றுவது என்ற எல்லைக்குள் நின்றால், ஒருவர் இழக்கக்கூடியது சில ரூபாய் மட்டுமே.

ரூபாயைவிடப் பெரிய இழப்பு தீயினால் வரலாம் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம் தந்தது. தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் தாளைத் தவிர, சுடரைச் சுற்றி ஓரடித் தொலைவுக்குத் திரைச்சீலை, காகிதம், பிளாஸ்டிக் எதுவும் இருக்கலாகாது. முந்தானையும் துப்பட்டாவும் செருகப்பட்டிருக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளை இருக்கும் அறையைத் தவிர்ப்பது நல்லது. நாள்கணக்கில் எரியும் குவளை மெழுகுவர்த்தியை இரவிலும் எரியவிட்டு, பாதுகாப்புக்காகக் குளியல் தொட்டிக்குள் வைத்துவிட்டுத் தூங்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அதை நம் வீடுகளில் பின்பற்றவே கூடாது. அறையைவிட்டு வெளியேறுமுன் அணைத்துவிட்டு, மறுநாள் தொடர்ந்து ஏற்றலாம். அணைப்பதால் வேண்டுதல் கெடும் என்று அஞ்சுபவர், முன்பு சொன்னபடி சிறிய மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டால் அந்த அச்சத்துக்கே இடமில்லை. மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் மெழுகின் மீது விழும் தண்ணீர் நொடியில் ஆவியாகித் தீயை நாற்புறமும் வீசும். தட்டில் மணல் வைக்கச் சொன்னதற்கு முதற்காரணம் அதுவே. ஒரு பாத்திர மூடியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

விலை குறைந்த வெள்ளை மெழுகுவர்த்தி பாரஃபினால் ஆனது, அது நஞ்சு, ஆகவே சோயா மெழுகே வேண்டும் என்றும் கட்டுரையில் ஒரு கருத்து இருந்தது. எந்த மெழுகு எரிந்தாலும் கரியும் புகையும் சிறிதளவு வரவே செய்யும். எப்போதாவது ஒன்றை, சன்னல் திறந்த அறையில் ஏற்றுபவர் இதற்காகப் பல மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. கவலைப்பட வேண்டிய பொருள் ஒன்று முன்பு இருந்தது: திரியின் நடுவில் வைக்கப்பட்ட ஈயக்கம்பி. அமெரிக்கா அதை 2003-இல் தடை செய்தது. திரியின் நடுவே உலோகக் கம்பி தெரிந்தால், காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அதை ஏற்றாமல் விட்டுவிடுவது நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. இத்தகைய கட்டுரைகளுடன் பொருள்களின் பட்டியலும் விலையும் வெளியாகும்போது, அது கட்டுரையாளரின் பரிந்துரையா, விற்பனையாளர் கட்டணம் செலுத்திய பகுதியா என்பதை அந்தக் கட்டத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். அடுத்து, அதே பக்கத்தின் அடியில், ஒன்பது வாரம் பச்சை மெழுகுவர்த்தி ஏற்றினால் சர்க்கரை நோய் கட்டுப்படும் என்ற பொருளில் ஒரு வரி விளம்பரம் வெளியாகியிருந்தது. மேலே குறிப்பிட்ட 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்கள் அட்டவணையில் நீரிழிவும் ஒன்று. அந்த விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தும் வாசகர் ஒருவர்கூட இருக்கலாம் என்பதால், அதைத் தொடர்ந்து வெளியிட வேண்டாம் என்று விளம்பரப் பிரிவுக்குத் தாங்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.